அட்டை ரூமில் காய்ந்த விதை

நான் அஞ்சாம் வகுப்புக்கு மேல் போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் நான் இங்கே எழுதப்போவதில் பாதி, படித்தவர்கள் காலேஜில் பல வருஷம் உட்கார்ந்து தெரிந்துகொள்கிற சங்கதி. எனக்கு அது என் சொந்தக் காட்டில் (விளைநிலத்துக்கு எங்கள் பக்கம் காடு என்றுதான் பேர்), என் சொந்தத் தப்பில் தெரிய வந்தது. எழுதுவதும் நானேதான், ஆள் வைத்து எழுதவில்லை.

நாமகிரிப்பேட்டைக்கும் ராசிபுரத்துக்கும் நடுவில், ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி என் கோழிப்பண்ணை இருக்கிறது. சைக்கிளில் முட்டை கட்டி விற்றவன் நான். முப்பது முட்டை உட்காருகிற தட்டுக்கு அட்டை என்று பேர். பத்து அட்டையைப் பின்னால் கேரியரில் கயிறு போட்டுக் கட்டி, மேட்டில் இறங்கித் தள்ளி, பள்ளத்தில் ஏறி மிதித்து, ஒரு முட்டை கீறல் விடாமல் கடையில் இறக்குவேன். அந்த நாளில் என்னோடு சைக்கிள் மிதித்தவர்கள் யாரும் இன்றைக்கு இந்தத் தொழிலில் இல்லை. நான் ஏழு ஷெட்டு போட்டிருக்கிறேன். யார் கையையும் பிடித்துக்கொண்டு மேலே வரவில்லை.

எப்படி நிலைத்தாய் என்று கேட்கிறவர்களுக்கு ஒரே பதில்தான் சொல்வேன். கிருமியை உள்ளே விடவில்லை. சுற்றுவட்டாரத்தில் சீக்கு வந்து ஷெட்டு ஷெட்டாகக் காலியான சமயத்திலும் என் கோழிகள் முட்டை வைத்துக்கொண்டிருந்தன. கேட்டுக்கு முன்னால் தீவன லாரி நனைந்து வர டயர் தொட்டி. அதைத் தாண்டினால் ஆட்களுக்குக் கால் நனைக்கும் தொட்டி. அதற்கப்புறம் கையில் மருந்து. கலெக்டர் வந்தாலும் இதுதான் வழி. ஒரு தடவை என் பங்காளி ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். அவர் காலையும் நனைத்தேன், பத்திரிகை மேலும் மருந்தை அடித்தேன். மூலையில் வைத்திருந்த மஞ்சள் கரைந்து ஓடிவிட்டது. ரெண்டு வருஷம் அவர் என்னோடு பேசவில்லை. அந்த ரெண்டு வருஷமும் என் கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சந்தைக்குப் போய்த் திரும்பி வருகிற அட்டைகளுக்கென்று கேட்டை ஒட்டித் தனி ரூம் உண்டு. அட்டை ரூம். ஊர் ஊராகச் சுற்றி வருகிற அட்டையில்தான் கிருமி ஏறி வரும். அதனால் தினமும் விடியற்காலையில் அந்த ரூமுக்குப் புகை போடுவேன். மண்சட்டியில் பர்மாங்கனேட்டைப் போட்டு, பார்மலினை ஊற்றிவிட்டுக் கதவைச் சாத்திவிட வேண்டும். புகை கிளம்பும். இருபது நிமிஷம் கழித்துக் கதவைத் திறந்து ஃபேனைப் போட்டால் வாடை போய்விடும். அந்த வேலையை நான் ஆளிடம் விட்டதில்லை. பல் விளக்குவது மாதிரி, எழுந்ததும் கை தானாகச் செய்யும்.

இப்படிப்பட்டவனிடம் கிருமி வளர்க்க இடம் கேட்டு ஒரு பெண் வந்தது.

கெங்கவல்லிப் பக்கம் விவசாயக் குடும்பம். ஏதோ ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தது. முதல் நாள் கேட்டுக்கு வெளியே, என் வேலியோரம் உட்கார்ந்து கொழிஞ்சிச் செடியை வேரோடு தோண்டிக்கொண்டிருந்தது. கொழிஞ்சியை வயலில் மிதித்து உரமாக்குவது எங்கள் பக்கத்து வழக்கம். வேரைப் பார்த்தவர் யாருமில்லை. என்ன அம்மணி களவாடறே என்று கேட்டேன். வேரில் இருந்த ஒரு சின்ன உருண்டையை நகத்தால் கிள்ளி எடுத்து, பிளேடால் இரண்டாக நறுக்கிக் காட்டியது. உள்ளே ரோஸ் நிறம்.

அதற்கு வேர்முடிச்சு என்று பேராம். உள்ளே பாக்டீரியா குடியிருக்கிறதாம். காற்றில் இருக்கிற தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்குமாம். செடி தன் பங்குக்குச் சர்க்கரை கொடுக்குமாம். யூரியா கம்பெனி பெரிய கொதிகலன் வைத்துச் செய்கிற வேலையை, இந்த மிளகு அளவு உருண்டை சத்தமில்லாமல் செய்கிறது என்றது. கறிக்கோழி வளர்ப்பில் கம்பெனிக்காரன் குஞ்சும் தீவனமும் கொடுக்க, நம்மாள் ஷெட்டும் உழைப்பும் கொடுக்கிறானே, அந்த மாதிரியா என்று கேட்டேன். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, அதேதான், ஆனால் இதில் கம்பெனிக்காரன் எடை போடும்போது ஏமாற்ற மாட்டான் என்றது. எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

அந்தப் பெண் மூன்று வருஷமாகப் பல ஊர் வேலிகளில் கொழிஞ்சி தோண்டி, அதிலிருந்து ஒரு பாக்டீரியாவைத் தனியாகப் பிரித்து வளர்த்து வைத்திருந்தது. தொட்டியில் நட்ட நிலக்கடலைச் செடியில் அது நன்றாக வேலை செய்ததாம். இனி விவசாயி காட்டில் செய்து காட்ட வேண்டும். அதற்கு அந்தப் பெண்ணிடம் மீதி இருந்தது ஒரே பருவம். காட்டிலும் வேலை செய்தால் மூன்று வருஷமும் நிற்கும். செய்யாவிட்டால் பேராசிரியர் அந்த வேலையை மூடிவிட்டு வேறு ஏதாவது கொடுப்பார், அதுவும் கொடுத்தால். இதை அழுதுகொண்டு சொல்லவில்லை. மழை நிலவரம் சொல்வது மாதிரி சொன்னது.

என் காட்டில் எங்கே வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றேன். கோழி எரு கொட்டாத இடம்தான் வேண்டும் என்றது. எருவைப் போட்டால் செடிக்குச் சாப்பாடு உட்கார்ந்த இடத்துக்கு வந்துவிடும், அப்புறம் அது பாக்டீரியாவைக் கூப்பிடாது என்றது. எருவுக்கு என்னிடம் வரிசையில் நிற்கிறார்கள், நீ வேண்டாம் என்கிறாயே என்று சொல்லிவிட்டு, ஓடைக்கு அந்தப் பக்கம் சும்மா கிடந்த அரை ஏக்கர் செம்மண்ணை உழுது கொடுத்தேன். கயிறு பிடித்துப் பாத்தி பாத்தியாகப் பிரித்தது. ஒரு பாத்திக்குப் பாக்டீரியா பூசிய விதை, பக்கத்துப் பாத்திக்குப் பூசாத விதை. எது எது என்று குச்சியில் தகரம் கட்டியது.

ஆடியில் விதைப்பு. முந்தின நாள் விதையில் பூச வேண்டும். என் வீட்டுக்காரி அரிசிக் கஞ்சி ஆறவைத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் பாக்டீரியா கலந்த கருப்புத் தூளை அதில் குழைத்து, நிலக்கடலைப் பருப்பின் மேல் தோல் உரியாமல் புரட்டியது. வெயிலில் காயவைத்தால் பாக்டீரியா செத்துவிடும், நிழல்தான் வேண்டும் என்றது. பூசாத விதையையும் வெறும் கஞ்சியில் புரட்டி வைத்திருந்தது. ரெண்டையும் களத்துக் கொட்டகையில் பரப்பும்போது சாரல் பிடித்துக்கொண்டது. கொட்டகையில் ஓதம் ஏறிவிடும். என்னிடம்தான் சுத்தமான, காற்றோட்டமான, வெயில் படாத ரூம் இருக்கிறதே. அட்டை ரூமைத் திறந்துவிட்டேன். காலி அட்டைகளில் பரப்பினோம். முட்டை உட்காரும் குழிக்குள் நாலைந்து பருப்பு என்று எடுப்பாக இருந்தது. அந்தப் பெண் சந்தோஷமாக ராசிபுரம் பஸ் ஏறிப் போய்விட்டது.

மறுநாள் விடியற்காலையில் நான் எழுந்தேன். சட்டியில் பர்மாங்கனேட் போட்டேன். பார்மலின் ஊற்றினேன். கதவைச் சாத்தினேன். இருபது நிமிஷம் கழித்துத் திறந்து ஃபேனைப் போட்டேன். விதை உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. மனசில் தட்டவில்லை. அந்தப் பெண்ணுக்கு வேலை மிச்சமாகட்டும் என்று அட்டைகளை நானே டிராக்டரில் ஏற்றி ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தேன். அந்தப் பெண் வந்து சேரும்போது காற்றில் வாடையெல்லாம் போய்விட்டிருந்தது. மத்தியானத்துக்குள் விதைத்து முடித்துவிட்டார்கள்.

முளைப்பு நன்றாக இருந்தது. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் காட்டில் ஆராய்ச்சி நடக்கிறது, காற்றிலிருந்து யூரியா எடுக்கிறோம் என்று. வயல் விழா வைக்க வேண்டும், பேராசிரியர் வந்து விவசாயிகளிடம் பேச வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். சாமியானா, நாற்காலி, சாப்பாடு எல்லாம் என்னுடையது.

நாற்பத்தைந்தாம் நாள் பாத்திக்குப் பத்துச் செடி பிடுங்கி, வேரைக் கழுவி, முடிச்சை எண்ணினார்கள். பூசிய பாத்தியிலும் பூசாத பாத்தியிலும் ஒரே அளவு. மண்ணில் ஏற்கெனவே இருக்கிற ஏதோ ஒரு பாக்டீரியா போட்ட முடிச்சு, அங்கொன்றும் இங்கொன்றும். அந்தப் பெண் சாயந்திரம் வரைக்கும் உட்கார்ந்து மறுபடி எண்ணியது. எண்ண எண்ணக் கூடிவிடுமா என்று நான் வேடிக்கையாகக் கேட்டேன். அது நோட்டை மூடிவிட்டு எழுந்து போனது.

அடுத்த வாரம் வயல் விழா. பேராசிரியர் காலையிலேயே வந்துவிட்டார். தலை நரைத்தவர், மெதுவாகப் பேசுகிறவர். விவசாயிகள் வருவதற்கு முன்னால், ஓடைக்கரையில் நின்றுகொண்டு அந்தப் பெண்ணை ஒவ்வொன்றாகக் கேட்டார். தூள் எந்தத் தேதியில் தயாரித்தது, எதில் கொண்டுவந்தது, எந்த வெயிலில் வந்தது. நான் பக்கத்தில் நின்றேன்.

"விதைய எங்க காய வெச்சே?"

"ஐயாவோட ரூம்ல சார். நெழல்லதான்."

அவர் என் பக்கம் திரும்பினார். "அந்த ரூம்ல மருந்து ஏதாவது வெச்சிருந்தீங்களா?"

"என்ற ரூமு ஆஸ்பத்திரி மாதிரிங்க. ஒரு கிருமி இருக்காது."

எத்தனையோ பேரிடம் எத்தனையோ தடவை சொன்ன வார்த்தைதான் அது. வாய் அதைச் சொல்லி முடித்த பிறகுதான் காது அதைக் கேட்டது.

பேராசிரியர் சரி என்று தலையாட்டிவிட்டு அந்தப் பெண்ணிடம் திரும்பிவிட்டார். அப்படியானால் ரெண்டில் ஒன்றுதான் என்றார். ஒன்று, தூள் வரும் வழியிலேயே செத்திருக்கிறது, அது உன் கவனக்குறைவு. இல்லை, தொட்டியில் வேலை செய்தது காட்டில் செய்யவில்லை. எதுவாக இருந்தாலும் இன்றைக்கு விவசாயிகளிடம் உள்ளதைச் சொல்லிவிடுவோம், இந்த வேலையை இத்தோடு நிறுத்திக்கொள்வோம் என்றார். அந்தப் பெண் சரிங்க சார் என்றது.

நான் நடந்து வீட்டுக்கு வந்தேன். அந்த நேரத்தில் நான் நினைத்ததை உள்ளபடி எழுதுகிறேன். அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயசு, வேறு ஏதாவது ஆராய்ச்சி கிடைக்கும். எனக்கு இந்த ஊரில் வேறு பேர் கிடைக்காது. இதுதான் நினைத்தேன்.

வீட்டுக்காரி நாற்பது பேருக்குச் சாப்பாடு செய்துகொண்டிருந்தாள். பேராசிரியர் சொன்னதை அவளிடம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"ஏனுங்க, அன்னைக்கிக் காத்தால நீங்க பொகை போட்டீங்கல்ல?"

"போட்டேன்."

"அப்பறம் அது எப்படிப் பொழைக்கும்? பங்காளி பத்திரிகையையே உடல, இத உட்டுருவீங்களாக்கும்."

உனக்குத் தெரிந்தால் அன்றைக்கே சொல்ல வேண்டியதுதானே என்றேன். பார்மலின் கிருமியைக் கொல்லும் என்று தெரியும், அந்தப் பெண் பூசியது கிருமி என்று யார் எனக்குச் சொன்னார்கள், மருந்து என்றல்லவா நினைத்தேன் என்றாள். அது நியாயம்தான். பிறகு பின்பக்கம் கையைக் காட்டினாள். அன்றைக்குத் தூள் போட்டு விதை புரட்டிய குண்டாவைக் கழுவும்போது அடியில் ஒட்டியிருந்த ஏழெட்டுப் பருப்பைத் தண்ணீரோடு ஓரத்தில் கொட்டினாளாம். அது முளைத்து நிற்கிறது, அதற்கு நீங்கள் புகை போடவில்லை என்றாள்.

போய்ப் பார்த்தேன். பாத்திரம் கழுவுகிற கல்லுக்கு அந்தப் பக்கம், முருங்கைக்கு அடியில் ஆறு கடலைச்செடி. ஒன்றைப் பிடுங்கி வாளித் தண்ணீரில் அலசினேன். ஆணிவேரின் மேல்பாகம் முழுக்க முடிச்சு, கொத்தமல்லி விதையைக் கோத்துக் கட்டின மாதிரி. ஒன்றை நகத்தால் நறுக்கினேன். ரோஸ் நிறம்.

செடியைக் கையில் பிடித்துக்கொண்டு சாமியானாவுக்கு வந்தேன். எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். வேளாண்மை ஆபீஸிலிருந்து வந்தவர் பேசி முடித்திருந்தார். பேராசிரியர் எழுந்திருக்கப் போனார். இடம் கொடுத்தவன் நான், முதலில் நான் ரெண்டு வார்த்தை பேசிவிடுகிறேன் என்று மைக்கை வாங்கிக்கொண்டேன்.

"இந்தக் காட்டுல பாக்டீரியா வேலை செய்யலைன்னு சார் சொல்லப் போறாருங்க. வேலை செய்யோணும்னா அதுக்கு மொதல்ல உசுரு இருக்கோணும். வெதைக்கற அன்னைக்கிக் காத்தால, அட்டை ரூம்ல வெதைய வெச்சுக்கிட்டு நாந்தான் பொகை போட்டேன். என்ற ரூமுக்குள்ள போன கிருமி எதும் இதுவரைக்கும் உசுரோட வெளிய வந்தது இல்லைங்க. இதும் வரல. அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லை. தூளு மேலயும் தப்பு இல்லை."

என்னோடு வழக்கமாக வம்பிழுக்கும் பக்கத்துக் காட்டுக்காரர் பின்னாலிருந்து கேட்டார்.

"மாமா, ஒரு கை தூள்ல கோடிக்கணக்குல இருக்குதுன்னாங்க. அத்தனையுமா கொன்னுபோட்டீங்க?"

"அத்தனையுந்தான் மாப்ள. ஒன்னு உடல."

சிரித்தார்கள். நான் செடியைத் தூக்கிப் பிடித்து, புகை படாத விதை இது என்று காட்டினேன். சிரித்தவர்கள் எழுந்து வந்து வேரைப் பார்த்தார்கள். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. என்னிடம் வந்து ஒன்றுதான் கேட்டது.

"எவ்ளோ நேரம் ஐயா போட்டீங்க?"

"இருவது நிமிசம்."

நோட்டில் எழுதிக்கொண்டது. எவ்வளவு பார்மலின், எவ்வளவு பெரிய ரூம் என்று கேட்டு அதையும் எழுதிக்கொண்டது. பிறகு மீதி ஐந்து செடியையும் பார்க்க முருங்கை மரத்துக்குப் போனது. பேராசிரியரும் கூடப் போனார். ஆறு செடி சாட்சி ஆகாது, ஆனால் இன்னொரு பருவம் கேட்டு எழுத இது போதும் என்றார். மார்கழி விதைப்புக்கு அனுமதி வாங்கிக் கொடுத்தார். சாப்பாட்டுப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் அந்தப் பெண் உட்கார்ந்தது. ரசம் ஊற்றும்போது இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னது.

"காலைல சார் கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்."

நான் ரசத்தைச் சோற்றில் பிசைந்தேன்.

மார்கழிக்கு முன்னால் கேட்டுக்கு வெளியே, தொட்டிகளுக்கு இந்தப் பக்கம், ஒரு ஓட்டு ரூம் கட்டினேன். என் இடத்தில் மருந்து படாத ரூம் அது ஒன்றுதான். கதவில் அந்தப் பெண் ஒரு தாள் ஒட்டியது. பண்ணைக்குள் போட்ட செருப்போடும், மருந்தில் நனைத்த கையோடும் யாரும் உள்ளே வரக்கூடாது என்று. யாரும் என்ற வார்த்தைக்கு அடியில் கோடு. அந்தப் பெண் என் கேட்டுக்குள் வரும்போது நான் அதன் காலை நனைக்கச் சொல்வேன். நான் அதன் ரூமுக்குப் போனால் அது என்னை வெறும் தண்ணீரில் முழங்கை வரை கழுவச் சொல்லும். ரெண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்தத் தடவை தண்ணீர் பாய்ச்சிய கடலை. பூசிய பாத்திகளில் முடிச்சு நிறையப் பிடித்தது. இலையின் பச்சையை ஓடைக்கு இந்தப் பக்கம் நின்றே பிரித்துச் சொல்லலாம். கிணற்றோரம் இருந்த ரெண்டு பாத்தியில் மட்டும் வித்தியாசம் இல்லை. தண்ணீர் தேங்கும் இடம் அது. நல்லதை மட்டும் எழுதிக்கொள்ளேன் என்றேன். அந்தப் பெண் அந்த ரெண்டு பாத்தியையும் சேர்த்தே எழுதியது.

பட்டம் வாங்கிய பிறகு, தான் எழுதிய புஸ்தகத்தில் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தது. முழுக்க இங்கிலீஷ். எனக்கு என்ன தெரியும். என்னைப் பற்றி எங்கே எழுதியிருக்கிறாய் என்று கேட்டேன். நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து, ஒரு வரியின் மேல் விரலை வைத்து, தமிழில் சொன்னது. முதல் பருவத்தில் பூசிய விதைகள், கிருமிநீக்கப் புகை போட்ட அறையில் இருபது நிமிஷம் இருந்துவிட்டதால், அந்தப் பருவம் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

பேர் போடவில்லையே என்றேன். விவசாயிகள் பேர் போடுவது வழக்கம் இல்லை என்றது. இருக்கட்டும். ஒரு முழுப் பருவத்தை ஒரு சட்டிப் புகையில் கணக்கிலிருந்தே எடுத்தவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான். அந்த வரிக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டு வாங்கிக்கொண்டேன். புஸ்தகம் அந்த ஓட்டு ரூமில்தான் இருக்கிறது. கை கழுவிவிட்டு வந்தால் யாருக்கும் காட்டுவேன்.